தேனின் சிறப்பு

கரும்பிலிருந்து வெல்லம் காய்ச்சக் கற்பதற்கு நெடுங்காலம் முன்னரே மாந்தர் அறிந்திருந்த இனிப்பு தேன் ஆகும். ஐந்திணைகளுள் குறிஞ்சி நிலத்திற்குரிய தெய்வம் முருகப்பெருமான். அந்நிலத்தாரின் தொழில்களுள் ஒன்று தேன் எடுத்தல். தினைப்புனம் காத்த வள்ளியம்மை, முதியவர் வடிவில் வந்த பெருமானுக்குத் தேனும் தினைமாவும் அளித்த வரலாறு யாவரும் அறிந்ததே.

திருமுழுக்குப் பொருள்களுள் தேன் சிறப்பிடம் பெறுகிறது. தேன் அபிடேகம் இனிய குரல்வளம் நல்கும் என்பது ஆன்றோர் நம்பிக்கை. 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற பழநிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், சர்க்கரை, நெய் ஆகியவற்றோடு தேனும் சேர்கிறது. சித்த மருத்துவத்தில் சூரணங்களைத் தேனில் குழைத்து உண்பது மரபு.

தேன் எளிதில் கெடுவதில்லை. பூந்துளியில் பெரும்பகுதி நீரே. தேனீக்கள் அதனை அடையில் சேர்த்து, சிறகால் விசிறி, நீரை ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவாக வற்றச் செய்து, மெழுகால் மூடுகின்றன. அத்துணை அடர்ந்த இனிப்பில் கிருமிகள் பெருக இயலாது. ஒரு தேனீ தன் வாழ்நாள் முழுதும் உழைத்தாலும் ஒரு தேக்கரண்டித் தேன் சேராது. ஆதலின் ஒரு துளியும் வீணாக்கத் தக்கதன்று.

இத்துணைச் சிறப்புடைய தேனும் பச்சிளங் குழந்தைக்கு ஆகாது. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் தேனில் உறங்கு நிலையில் இருக்கக்கூடும். பெரியோர்க்கு அவை பொதுவாகத் தீங்கு செய்வதில்லை. ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலிலோ அவை முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். மலச்சிக்கல், பால் அருந்த இயலாமை, உடல் துவளுதல், மூச்சுத் தடை ஆகியன அதன் அறிகுறிகள். இவை தோன்றின் உடனே மருத்துவமனையை நாட வேண்டும். வீட்டில் தேனைக் காய்ச்சினாலும் அவ்வித்துகள் அழிவதில்லை.

ஆகவே, முதற்சோறு ஊட்டக் குழந்தையோடு திருக்கோயிலுக்கு வருவோர், தேன் கலந்த பிரசாதத்தைக் குழந்தையின் நாவில் வைத்தலைத் தவிர்த்தல் நலம். குழந்தைக்குத் திருநீறு அணிவித்து, பிரசாதத்தைப் பெற்றோர் உண்ணலாம். இறைவன் திருவருளுக்கு அதனால் குறை நேராது. முதல் ஆண்டு நிறைவுக்குப் பின்னர் அக்குழந்தையும் தேனின் இனிமையை நுகர்ந்து நீடு வாழ்க!