மிளகாய் வறுக்கும் அறையும் கிரைண்டிங் அறையும்

அடுக்களையில் மிளகாய் வறுக்கிறீர்கள். நெடி ஹாலுக்கு வரக்கூடாதே என்று கதவைச் சாத்திவிடுகிறீர்கள். ஹாலில் இருப்பவர்கள் தப்பித்தார்கள். உள்ளே நிற்கும் உங்கள் கதி?

கோவையில் பம்ப்செட், மோட்டார் பாகங்களை வார்க்கிற பவுண்டரிகள் ஏராளம். வார்ப்பை அச்சிலிருந்து எடுத்ததும், அதன் பிசிறுகளை கிரைண்டிங் வீலால் தேய்த்து எடுப்பார்கள். தூசி மற்றவர்களிடம் போகாமல் இருக்க, இந்த வேலைக்கென்று தனி அறை கட்டி அடைத்துவிடுவதும் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் தூசியை இழுக்க வழி செய்யாமல் அறையை மட்டும் அடைத்தால், உள்ளே வேலை பார்ப்பவருக்கு அது மிளகாய் வறுக்கிற அடுக்களைதான்!

மிளகாய் நெடியாவது தும்மல் போட வைத்து எச்சரிக்கும். இந்தத் தூசி அதைக்கூடச் செய்யாது. வார்ப்பில் ஒட்டியிருக்கும் மணலில் சிலிக்கா இருக்கிறது. பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கி, சளியோடு வந்துவிடும். ஆபத்தெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பொடியில்தான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 5 மைக்ரானுக்கும் குறைந்த பொடி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் உட்கார்ந்து, அங்கே தழும்பை உண்டாக்குகிறது. இதுதான் சிலிக்கோஸிஸ். பெரும்பாலும் பத்து, இருபது வருஷம் கழித்துத்தான் மூச்சிரைப்பு தெரியவரும். குணப்படுத்த மருந்து கிடையாது. போதாக்குறைக்கு, காசநோயும் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும்.

"அதான் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுதே!" என்பார்கள். ஃபேன் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். முதுகுக்குப் பின்னால் சுவரில் இருந்தால், தூசி அவர் மூக்கைத் தாண்டித்தான் வெளியே போகும். வீட்டில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிப் பாருங்கள். ஒரு முழம் தள்ளி நின்று ஊதினால் அணைந்துவிடும். அதே தூரத்திலிருந்து உறிஞ்சி அணைக்க முடியுமா? ஒரு அடி அகலக் குழாயின் வாயிலிருந்து ஒரு அடி தள்ளினாலே இழுப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். அதனால் வீலைச் சுற்றிக் கூடு போட்டு, பொறி பறக்கிற பக்கத்திலேயே தூசியை இழுத்து, வடிகட்டும் பைக்கு அனுப்ப வேண்டும். தூசி கிளம்பும் இடத்தை முடிந்தவரை மூடி, அதற்கு மிக அருகிலேயே உறிஞ்ச வேண்டும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. மூட வேண்டியது வீலை, ஆளை அல்ல.

கர்ச்சீப் கட்டிக்கொள்வது மனத் திருப்திக்குத்தான். என்-95 மாஸ்க் முகத்தோடு இடைவெளியில்லாமல் பொருந்தினால் உதவும். அதுவும் உறிஞ்சும் ஏற்பாட்டுக்குத் துணையாகத்தான். வேலை முடிந்ததும் ஏர் பைப்பால் சட்டையை ஊதிவிட்டுக்கொள்வார்களே, அது ரொம்பத் தப்பு. படிந்த பொடியை மறுபடி மூக்குக்கே அனுப்புகிற வேலை அது.

உங்கள் வீட்டில் யாராவது இந்த வேலையில் இருந்தால், பட்டறையிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். தூசிச் சட்டை வீட்டுக்கு வந்துவிட்டால் உதறாதீர்கள். நேராகத் தண்ணீரில் முக்கி, தனியாகத் துவையுங்கள். இருமல் விடாமல் இருந்தால், "கிரைண்டிங்கில் இத்தனை வருஷமாக வேலை" என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரேயில் தெரியும் சிலிக்கோஸிஸைக் காசநோய் என்று நினைத்து மருந்து கொடுத்துவிடுவது அபூர்வமல்ல. பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.