தென்னந்தோப்பு நிழலில் பசுமைப் போர்வை

தோப்பைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று ஆண்டுக்கு மூன்று நான்கு முறை உழுது, புல் பூண்டு இல்லாத வெறுந்தரையாக விட்டிருக்கும் விவசாயிகள் பலர். பார்வைக்கு அது அழகாகத்தான் இருக்கும். ஆனால் சித்திரை மாதத்தில் அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தால் கை சுடும். கோடை மழை ஒன்று ஓங்கிப் பெய்தால் மேல்மண் வாய்க்காலோடு போய்விடும். உழவுக் கூலி வேறு. இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து, நிழலிலும் வளர்ந்து தரையை மூடும் பயறு வகை மூடுபயிர்களாகும்.

நிழலின் அளவு

25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் முதல் 8 ஆண்டுகள் வரை வெயில் தாராளமாகத் தரையில் விழும். 8 முதல் 25 ஆண்டு வரை ஓலைகள் ஒன்றோடொன்று கோத்து நிழல் கனமாக இருக்கும். அதன் பிறகு மரங்கள் உயர உயர மீண்டும் வெளிச்சம் கிடைக்கும். உச்சி வேளையில் தோப்பின் நடுவே நின்று தரையைப் பாருங்கள். விழும் வெயிலின் அளவைக் கொண்டே பயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்தப் பயிர்?

கலப்பகோனியம்: விரைவில் படரும். மிதமான நிழலைத் தாங்கும். இலையில் மயிர் இருப்பதால் மாடுகள் விரும்பித் தின்பதில்லை. நீண்ட வறட்சியில் காய்ந்துவிடும். ஆனால் உதிர்ந்த விதை அடுத்த மழையில் முளைக்கும்.

பியூரேரியா: கலப்பகோனியத்தைவிட அதிக நிழலைத் தாங்கும். பல ஆண்டுகள் நிற்கும். கறவை மாட்டுக்குத் தீவனமாகவும் அறுத்துப் போடலாம். கொடி மரத்தில் ஏறும் என்பதால் கண்காணிப்பு தேவை.

கொடி நிலக்கடலை: மஞ்சள் பூப்பூக்கும் இது, பூங்காக்களில் புல்தரைக்குப் பதிலாக வளர்க்கப்படுகிறது. தரையோடு படிந்து வளரும், மரத்தில் ஏறாது. ஈரம் இருந்தால் ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும். பாசன வசதியுள்ள, நிழல் மிகுந்த தோப்புக்கு இதுவே ஏற்றது.

விதைப்பும் நடவும்

பொள்ளாச்சி, தென்காசி, குமரிப் பகுதிகளில் ஆனி மாதத்திலும், வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ள மாவட்டங்களில் புரட்டாசியிலும் விதைக்கலாம். கலப்பகோனியம், பியூரேரியா விதைகளின் மேல்தோல் கடினமானது. அப்படியே விதைத்தால் பெரும்பகுதி முளைக்காது. கொதிக்கும் நீர் இரண்டு பங்கு, பச்சைத் தண்ணீர் ஒரு பங்கு கலந்து, அதில் விதையைப் போட்டு இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். காலையில் வடித்து, ஆறிய அரிசிக் கஞ்சியில் தட்டைப்பயறுக்குரிய ரைசோபியம் கலந்து பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும்.

ஏக்கருக்கு 2 கிலோ விதை போதும். மரத்தைச் சுற்றி 6 அடி ஆரமுள்ள வட்டப்பாத்தியை விட்டுவிட்டு, இடைவெளியில் மட்டும் 3 அடிக்கு ஒரு வரிசையாக விதைக்கவும். அடியுரமாக ராக் பாஸ்பேட் அல்லது சூப்பர் பாஸ்பேட் இடலாம். தழைச்சத்து உரம் தேவையில்லை. கொடி நிலக்கடலையை அரை அடி நீளத் தண்டுத் துண்டுகளாக வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு ஓரடிக்கு ஒன்றாக நட வேண்டும்.

பராமரிப்பு

முதல் இரண்டு மூன்று மாதங்கள் கைக்களை எடுப்பது அவசியம். இதில் சுணங்கினால் கோரையும் அருகும் மூடுபயிரை அமுக்கிவிடும். தரை மூடிய பிறகு களை வேலை வெகுவாகக் குறையும். ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலுள்ள தழைச்சத்தை அது சேமித்து வருகிறது என்று பொருள்.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு விவசாயியின் மானாவாரித் தோப்பில் பியூரேரியா விதைக்கச் சொன்னேன். மார்கழியில் தோப்பு பச்சைக் கம்பளம் விரித்தது போல இருந்தது. கோடைக்கு முன் கொடியை அறுக்கும்படி சொல்லத் தவறிவிட்டேன். பங்குனியில் தென்னைக்கும் கொடிக்கும் தண்ணீருக்குப் போட்டி வந்து, ஓலை தொங்கிக் குரும்பை கொட்டியது. அந்த ஆண்டு அவருக்கு ஏற்பட்ட நட்டம் பயிரால் வந்ததல்ல. என் மறதியால் வந்தது. ஆகவே மானாவாரித் தோப்பில் தை முடிவதற்குள் கொடியைத் தரையோடு அறுத்து, வட்டப்பாத்தியில் அரை அடி கனத்துக்குப் பரப்பிவிடுங்கள். அது மூடாக்காக ஈரம் காத்து, பின் மக்கி எருவாகும். வேர் மண்ணிலேயே இருக்கட்டும். மழை வந்ததும் பியூரேரியா மீண்டும் துளிர்க்கும்.

"பாம்பு அடையும், விழுந்த தேங்காய் தெரியாது" என்று விவசாயிகள் சொல்வதையும் ஒதுக்கிவிட முடியாது. வட்டப்பாத்தியை எப்போதும் வெட்டவெளியாகவோ, அறுத்துப் பரப்பிய மூடாக்குடனோ வைத்திருங்கள். ஒவ்வொரு காய்ப் பறிப்புக்கும் முன் வரிசைக்கு நடுவே 3 அடி அகலத்துக்குப் பாதை அறுத்துவிடுங்கள். தென்னம்பிள்ளைகள் மீது கொடி ஏறினால் மாதம் ஒருமுறை விலக்கிவிட வேண்டும்.

சிறிதாகத் தொடங்குங்கள்

முதல் ஆண்டிலேயே தோப்பு முழுவதும் விதைக்க வேண்டாம். 10 மரங்களுக்கு இடையில் மட்டும் செய்து பாருங்கள். நீர் பாய்ச்சிய நான்காம் நாள், மூடாக்கு இட்ட பாத்தியிலும் இடாத பாத்தியிலும் ஓரடி ஆழம் தோண்டி மண்ணைப் பிடித்துப் பாருங்கள். எதில் உருண்டை நிற்கிறது, எதில் உதிர்கிறது என்று உங்கள் கையே சொல்லும். அதன் பிறகு மற்ற மரங்களுக்கு விரிவுபடுத்துவது பற்றி நீங்களே முடிவு செய்யலாம்.