சினைப்படாத பசு

கன்று ஈன்று பல மாதம் கழிந்தும் சினைப்படாத பசுவை மலடென்று எண்ணி இறைச்சிக்கு விற்றுவிடும் கமக்காரர் பலர். அவற்றுட் பல மலடல்ல. வேட்கைக்காலம் கவனிக்கப்படாமையே குறை.

சினையில்லாப் பசு ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை வேட்கைகொள்ளும். அஃது ஒரு நாளளவும் நிலைப்பதில்லை. இரவில் வெளிப்பட்டு அடங்குவதும் உண்டு. பகல் முழுதும் வயலில் நிற்பவர் அதனை எங்ஙனம் அறிவார்? ஆகவே விடியற்காலையிலும் அந்தியிலும் பட்டியைப் பார்த்தல் வேண்டும். பிற மாடுகள் தன்மீது ஏறும்போது அசையாது நிற்பதே நம்பத்தக்க அறிகுறி. கத்துதலும், கண்ணாடிபோன்ற கோழை வடிதலும் துணையாவன. எருமையோ பெரும்பாலும் ஓசையின்றியே வேட்கைகொள்ளும்.

வேட்கை அடங்கிய பின்னரே முட்டை வெளிப்படுமாதலால், காலையிற் கண்ட பசுவை அன்று மாலையிலும், மாலையிற் கண்டதை மறுநாட் காலையிலும் சினைப்படுத்துவித்தல் நன்று.

வேட்கையே தோன்றாதாயின் தீனியை நோக்குக. வைக்கோலிற் புரதமும் பொசுபரசும் மிகக் குறைவு. அதனை மட்டும் தின்று மெலிந்த பசுவுக்குப் பசும்புல்லும், வேலியிலுள்ள சீமைக்கிளுவைக் குழையும், அரிசித்தவிடும் கொடுத்துத் தேற்றுதல் வேண்டும்.

சினை முதிர்ந்தபின் கன்று சிதைந்து விழுந்தால் அதனை வெறுங்கையாற் தொடலாகாது. காரணம் புரூசெல்லா நோயாயின் அது மனிதரையும் பற்றும். உடனே மிருக வைத்தியருக்கு அறிவிக்குக.