லாரிக்கு ஆயில் வாங்கும்போது...

கேனில் ‘15டபிள்யூ-40’ என்று இருந்தால் போதும் என்று வாங்கிவிடாதீர்கள். அது ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டுமே சொல்கிறது. லேபிளில் ஏபிஐ வட்ட முத்திரைக்குள் ‘சிகே-4’ இருக்கிறதா பாருங்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபிறகு, பெரும்பாலான டீசல் லாரி, பஸ்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் உண்டு. பிடித்த கரியை அது தானே எரித்துவிடும். ஆயில் எரிந்த சாம்பல் மட்டும் போகாது, உள்ளேயே தங்கி அடைக்கும். சிகே-4 ரகத்தில் சல்பேட் சாம்பல் 1 சதவீதத்தைத் தாண்டாது. மிச்சமிருக்கிற பழைய சிஐ-4 ரக ஆயிலை இந்த ஃபில்டர் உள்ள வண்டிக்கு டாப்-அப்புக்குக்கூட ஊற்ற வேண்டாம்.

சிஐ-4 கேட்கும் பழைய வண்டிக்கு சிகே-4 தாராளமாக ஊற்றலாம். ஆனால் 2016 டிசம்பரில் அதோடு சேர்ந்து அறிமுகமான ‘எஃப்ஏ-4’ மெல்லிய ரகம். வண்டியின் கையேடு கேட்டாலொழிய அதைத் தொடாதீர்கள்.