கல்லாவில் தெரியாத செலவு
எரிபொருளைச் சிக்கனமாக்க வணிகர்களுக்கு ஒரு கணக்குப் பாடம்



மூட்டைக்கு ஐந்து ரூபாய் குறையுமா என்று மண்டியில் அரைமணி நேரம் பேரம் பேசுகிறோம். ஏற்றுகூலி, இறக்குகூலி, சாக்கு விலை என ஒவ்வொன்றையும் தவறாமல் எழுதி வைக்கிறோம். ஆனால் அந்த மண்டிக்குப் போய்வந்த வண்டிக்கு ஊற்றிய பெட்ரோலை மட்டும் எழுதுவதில்லை. கல்லாவிலிருந்து நூறும் இருநூறுமாக எடுத்துக் கொடுத்துவிட்டு, பங்கிலேயே மறந்துவிட்டு வருகிறோம். மாதக் கடைசியில், "வியாபாரம் நன்றாகத்தானே நடந்தது, பணம் எங்கே போயிற்று?" என்று கேட்கிறோம். போன இடங்களில் இதுவும் ஒன்று.

எரிபொருள் விலை நம் கையில் இல்லை. 2010 ஜூனில் பெட்ரோலுக்கும், 2014 அக்டோபரில் டீசலுக்கும் அரசின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் காலை 6 மணிக்கு விலையை மாற்றியமைக்கும் முறை வந்தது. 2017 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரிக்குள் பெட்ரோலும் டீசலும் கொண்டுவரப்படவில்லை. ஆகவே, கடைச் சரக்குக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்வது போல எரிபொருளில் கழிக்க வழியில்லை. கொடுத்தது கொடுத்ததுதான். நம் கையில் இருப்பது எத்தனை லிட்டர் ஊற்றுகிறோம் என்பது மட்டுமே.

முதல் வேலை: எழுதுவது

வண்டி என்ன மைலேஜ் தருகிறது என்று கேட்டால், வாங்கிய நாளில் விற்பனையாளர் சொன்ன எண்ணையே பலரும் சொல்வார்கள். உண்மையை அறிய எளிய வழி உண்டு. ஒருநாள் டேங்கை நிரப்பி, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதேபோல் நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று பாருங்கள். இடையில் ஓடிய கிலோமீட்டரை அந்த லிட்டரால் வகுத்தால் வருவதே உங்கள் வண்டியின் உண்மையான மைலேஜ். குழாய் தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். கழுத்துவரை ஊற்றச் சொன்னால் வீணாவதுடன் கணக்கும் தவறும்.

இதற்கென ஒரு சிறு நோட்டுப் போதும். தேதி, மீட்டர் எண், லிட்டர், ரூபாய், எதற்காகப் போனோம் என ஐந்து கட்டங்கள். இதில் ஐந்தாவது கட்டம்தான் முக்கியமானது. ஏன் என்பதைக் கீழே உள்ள கணக்கு காட்டும்.

ஓடாத கிலோமீட்டரே பெரிய மிச்சம்

ஒரு மளிகைக் கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து கடை 4 கி.மீ. காலையில் வருகிறார், மதியம் சாப்பிடப் போய்வருகிறார், இரவு திரும்புகிறார். ஆக 16 கி.மீ. மண்டி 7 கி.மீ. தொலைவில் இருக்கிறது. தினமும் ஒருமுறை போய்வர 14 கி.மீ. மொத்தம் நாளொன்றுக்கு 30 கி.மீ., மாதம் 900 கி.மீ. ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கி.மீ. தந்தால் 20 லிட்டர் வேண்டும். கணக்குக்காக லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 2,000 ரூபாய்.

இவர் வண்டியைச் சீராக்கி, நிதானமாக ஓட்டி, லிட்டருக்கு 50 கி.மீ. வரும்படி செய்கிறார் என்போம். செலவு 18 லிட்டர். மிச்சம் 200 ரூபாய். நல்லதுதான்.

அதற்குப் பதிலாக, மதியச் சாப்பாட்டைக் காலையிலேயே டிபன் கேரியரில் எடுத்து வந்துவிட்டால் மாதம் 240 கி.மீ. குறையும். தேவையை முன்கூட்டியே பட்டியலிட்டு, 30 நடை போன மண்டிக்கு 13 நடை மட்டும் போனால் இன்னும் 238 கி.மீ. குறையும். இவ்விரண்டில் மட்டும் மிச்சம் 1,060 ரூபாய்க்கு மேல். மீதமுள்ள 422 கி.மீ. தூரத்தை 50 கி.மீ. மைலேஜில் ஓட்டினால், 20 லிட்டர் பிடித்த இடத்தில் எட்டரை லிட்டர் போதும். மொத்த மிச்சம் ஏறத்தாழ 1,150 ரூபாய்.

நூற்றுக்கு ஐந்து ரூபாய் நிகர லாபம் நிற்கும் கடையில், இந்த 1,150 ரூபாயைச் சம்பாதிக்க 23,000 ரூபாய்க்குக் கூடுதலாக விற்க வேண்டும். மெக்கானிக்கைத் தேடுவதற்கு முன் நம் நடைகளை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இந்தப் பாடத்தின் சாரம்.

மலிவு விலை உண்மையில் மலிவா?

சென்னைப் புறநகர்க் கடைக்காரர்களுக்குக் கோயம்பேடு தெரியும். 1996-இல் கொத்தவால் சாவடியிலிருந்து காய்கனி மொத்த வணிகம் அங்கே மாறியது முதல், விடியற்காலையில் வண்டியைக் கிளப்புவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. போய்வர 40 கி.மீ. என்றும், சிறு சரக்கு வண்டி டீசலில் லிட்டருக்கு 16 கி.மீ. தருகிறது என்றும் கொள்வோம். ஒரு நடைக்கு இரண்டரை லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் 230 ரூபாய்.

பக்கத்து மண்டியைவிட அங்கே வெங்காயம் கிலோவுக்கு 2 ரூபாய் குறைவு. 50 கிலோ மூட்டைக்கு 100 ரூபாய். இரண்டு மூட்டைக்காகப் போனால் 200 ரூபாய் லாபம், 230 ரூபாய் டீசல். கைநஷ்டம் 30 ரூபாய். பத்து மூட்டை எடுத்தால் டீசல் போக 770 ரூபாய் நிற்கும். டயர் தேய்மானம், ஓட்டுநர் கூலி இவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே சாவியைக் கையில் எடுக்க வேண்டும்.

சிறு கடைக்குப் பத்து மூட்டை எப்படி விற்கும் என்று கேட்கலாம். அதற்குத்தான் பக்கத்துக் கடைக்காரர் இருக்கிறார். மூன்று கடைக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு ஒரே வண்டியில் கொள்முதல் செய்தால், ஒருவருக்கு விழும் டீசல் செலவு 77 ரூபாய்தான். போட்டி கடைவாசலில் இருக்கட்டும். வழிச்செலவில் கூட்டாக இருப்போம்.

வீடு தேடிப் போகும் சரக்கு

இப்போது தொலைபேசியில் கேட்கும் சரக்கை வீட்டுக்குக் கொண்டு கொடுப்பது கட்டாயமாகிவிட்டது. ஒரு கட்டுக் கொத்தமல்லிக்காக ஒரு நடை, அதே தெருவுக்குக் கால் கிலோ துவரம்பருப்புக்காக மறு நடை என்று பையனை அனுப்பினால் விற்ற லாபம் வழியிலேயே கரைந்துவிடும். காலை 11 மணி, மாலை 6 மணி என இரு நேரங்களை அறிவித்து, தெருவாரியாகப் பைகளை அடுக்கி ஒரே சுற்றில் கொடுக்கச் சொல்லுங்கள். காரணத்தைச் சொன்னால் வாடிக்கையாளர்கள் ஏற்றுக்கொள்வார்கள். பக்கத்துத் தெருக்களுக்கு மிதிவண்டியே போதும்.

வண்டியும் ஓட்டும் முறையும்

நடைகளைக் குறைத்த பிறகு, ஓடியே ஆக வேண்டிய தூரத்தில் மிச்சம் பிடிக்கச் சில வழிகள்:

1. வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் டயரில் காற்றைச் சரிபாருங்கள். காற்றுக் குறைந்த டயர் தரையில் அழுந்தி எஞ்சினுக்குச் சுமை கூட்டும். பாரம் ஏற்றும்போது எவ்வளவு காற்று வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கிறது.

2. ஒரே சீராக ஓட்டுங்கள். 1978-இல் அமைக்கப்பட்ட பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தையே சிக்கனமானதாகக் கூறிவருகிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். திடீரென முறுக்கி உடனே பிரேக் பிடிப்பவர், எரித்த பெட்ரோலைப் பிரேக்கில் தேய்த்து அழிக்கிறார்.

3. கிளட்சை அரைகுறையாகப் பிடித்தபடி ஓட்டாதீர்கள். நீண்ட நேரம் நிற்கும் சிக்னலிலும், மண்டி வாசலில் காத்திருக்கும்போதும் எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

4. தூசு அடைத்த ஏர் பில்டர், எண்ணெய் காணாத செயின், விடாமல் உரசும் பிரேக் ஆகிய மூன்றும் ஓசையில்லாமல் எரிபொருளைத் தின்பவை. காலாகாலத்தில் சர்வீஸ் செய்யுங்கள்.

5. தேவையற்ற காலிப் பெட்டிகளையும் பழைய சாக்குகளையும் வண்டியிலேயே சுமந்து திரியாதீர்கள்.

மைலேஜ் குறைந்தால்

இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. பெட்ரோலைவிட எத்தனாலின் எரிசக்தி லிட்டருக்கு லிட்டர் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே மைலேஜ் சற்றுக் குறைவது இயல்பே. எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. மழைக்காலத்தில் டேங்க் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும்.

அதற்கும் மேலாக மைலேஜ் விழுந்தால், முதலில் நோட்டைப் பாருங்கள். எந்த வாரம் முதல் குறைந்தது என்று தெரிந்தால் காரணம் பாதி தெரிந்துவிடும். அளவில் ஐயம் இருந்தால், பங்கில் உள்ள 5 லிட்டர் முத்திரை அளவையில் ஊற்றிக் காட்டச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. நம் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை கேட்கும் அதே சட்டம்தான் அங்கும். மரியாதையாகக் கேட்டுப் பெறலாம்.

நிறைவாக

வரும் ஒன்றாம் தேதி ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு மாதம் எதையும் மாற்றாமல் உள்ளபடி எழுதுங்கள். மாதக் கடைசியில் ஐந்தாவது கட்டத்தை மட்டும் படித்துப் பாருங்கள். போகாமலே முடித்திருக்கக் கூடிய நடைகள் எத்தனை என்பது தானாகத் தெரியும். அவற்றை அடுத்த மாதம் நிறுத்துங்கள். சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டுமன்று, ஒழுகலுக்கும் பொருந்தும். ஒழுகலை அடைப்போம், கல்லாவைக் காப்போம்.