இரக்கம் வற்றிப்போனால்...

கேள்வி: நான் புற்றுநோய்ப் பிரிவில் நர்ஸ். முன்பு ஒவ்வொரு நோயாளிக்காகவும் கண்ணீரோடு ஜெபிப்பேன். இப்போது யார் இறந்தாலும் மனம் அசைவதில்லை. என் விசுவாசம் செத்துவிட்டதா?
– ஒரு சகோதரி, திருநெல்வேலி

பதில்: இல்லை, சகோதரி. பிறர் வேதனையை நெடுநாள் சுமப்பவர்களுக்கு வரும் சோர்வு இது. நர்ஸ்களிடம் காணும் இந்தச் சோர்வைப் பற்றி அமெரிக்காவில் 1992-லேயே எழுதியிருக்கிறார்கள். உங்களைக் குற்றவாளியாக்கிக்கொள்ளாதீர்கள்.

1 இராஜாக்கள் 19-ஐ வாசியுங்கள். சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவும் விட்டான். பிறகு ஓரேபில், 'நான் ஒருவன்தான் மிச்சம்' என்று எலியா புலம்பியபோது, பாகாலுக்கு முழங்கால்படியிடாதவர்கள் 7,000 பேர் இருப்பதைக் கர்த்தர் சொன்னார். கூடவே எலிசாவையும் துணையாகத் தந்தார். உணவு, உறக்கம், துணை: இந்த வரிசை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நாமோ சோர்ந்தவரிடம் முதலில் உபவாசத்தைச் சொல்கிறோம்!

உங்கள் சபையில் நம்பிக்கையான இரண்டு மூன்று பேரைத் தேடுங்கள். இதே வேலையில் இருப்பவர்கள் என்றால் இன்னும் நல்லது. வாரம் ஒருமுறை சேர்ந்து சாப்பிடுங்கள். நோயாளியின் பெயரைச் சொல்லாமல் உங்கள் பாரத்தைச் சொல்லுங்கள். அவர்கள் புத்தி சொல்ல வேண்டாம், கேட்டாலே போதும். ஜெபிக்க வார்த்தை வராத நாளில் அவர்கள் உங்களுக்காக ஜெபிக்கட்டும்.

தூக்கமின்மையோ சாகும் எண்ணமோ இருந்தால் உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். அது அவிசுவாசம் அல்ல. இந்த வாரமே ஒருவரிடமாவது பேசிவிடுங்கள், சகோதரி.