பிள்ளை கேட்டால் வாயைப் பொத்தாதீர்கள்

காரப்பேட்டை அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ போய்வரும் பிள்ளை ஒன்று தெருவில் இருந்தால், எங்கள் ஓரிக்கையில் அந்த வீட்டு வாசலில் செருப்புகள் குறையாது. வருகிறவர்கள் பாசத்தோடுதான் வருகிறார்கள். விபூதி பூசுகிறார்கள், ஹார்லிக்ஸ் பாட்டில் வைக்கிறார்கள், ஏதாவது சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தச் சொற்களில் சில அவர்கள் போன பிறகும் வீட்டை விட்டுப் போவதில்லை. கடும் நோயில் கிடக்கும் பிள்ளைக்கும் பெற்றவர்களுக்கும் ஆன்மிகத் துணையாக இருப்பது எப்படி என்பதில் நம்மிடையே ஊறிப்போன சில எண்ணங்களைப் பார்ப்போம்.

நம்பிக்கை: "அது பச்சப் புள்ள, அதுக்கு என்னா தெரியும்? ஒண்ணும் சொல்லாதீங்க."

உண்மை: தெரியும். மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளோடு மருத்துவமனையில் பழகி, 1978-ல் ஒரு நூல் எழுதினார். யாரும் சொல்லாமலே அந்தப் பிள்ளைகள் தங்கள் நிலையை அறிந்திருந்தார்கள். அப்பா அம்மா உடைந்துபோவார்களே என்று பயந்து, தெரியாததுபோல் நடித்தார்கள். பெற்றோரும் நடித்தார்கள். ஒரே கட்டிலருகே இரண்டு தரப்பும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தன.

ஸ்வீடனில் புற்றுநோய்க்குப் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் ஓர் ஆய்வு நடத்தி 2004-ல் வெளியிட்டார்கள். பிள்ளையிடம் சாவைப் பற்றிப் பேசியவர்கள் 147 பேர். அவர்களில் ஒருவர்கூட "பேசியிருக்கக் கூடாது" என்று வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் வருந்தினார்கள்.

பேசுவதென்றால் உட்காரவைத்துப் பாடம் நடத்துவதல்ல. "நான் செத்துடுவனாம்மா?" என்று பிள்ளை கேட்கிறது. "சீ, அப்படிலாம் பேசாத" என்று வாயைப் பொத்துகிறோம். பொத்தாமல், "ஏன் கண்ணு கேக்குற, என்னா நெனச்ச?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு அது நாளைய ஊசியைப் பற்றிய பயமாக இருக்கலாம். இன்னொன்றுக்கு, தான் இல்லாவிட்டால் ஆட்டுக்குட்டிக்கு யார் தழை ஒடித்துப் போடுவார்கள் என்ற கவலை. உண்மையிலேயே சாவைத்தான் கேட்கிறது என்றால், "டாக்டருங்க சரிபண்ணத்தான் பாக்குறாங்க. எது நடந்தாலும் நான் உங்கூடவே இருப்பேன். வலிச்சா உடனே சொல்லு" என்பதில் பொய் எதுவும் இல்லை. மார்க்கண்டேயன் கதையை நம் வீடுகளில் எப்படிச் சொல்கிறோம்? பதினாறு வயதுதான் என்பதை மறைத்து அப்பா அம்மா அழ, அவனே கேட்டுத் தெரிந்துகொள்கிறான். தெரிந்த பிறகுதான் தனக்கு வேண்டிய துணையை இறுகக் கட்டிக்கொள்கிறான். நோயில் எமன் ஒவ்வொரு முறையும் தோற்றுப்போவதில்லை. ஆனால் கட்டிக்கொள்ளும் உரிமை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு.

நம்பிக்கை: "போன ஜென்மத்துப் பாவம். யாரு உட்ட சாபமோ."

உண்மை: பெரும்பாலான குழந்தைப் புற்றுநோய்களுக்குப் பெற்றோர் செய்ததோ செய்யாமல் விட்டதோ காரணமல்ல. கிரகணத்தன்று வாசலில் நின்றதால் வருவதில்லை. ஒட்டிக்கொள்ளும் நோயுமல்ல. விழித்திரையில் வரும் புற்றுநோய் போன்ற சில, மரபணு வழியாக வரலாம். மரபணு யாருடைய பாவக் கணக்கும் அல்ல.

இந்தப் பேச்சு எனக்குக் கோபம் வரவைக்கிறது. ஏற்கெனவே ராத்திரியெல்லாம் "நான் என்ன தப்பு செஞ்சேன்" என்று கேட்டுக்கொண்டிருக்கும் தாயிடம், ஆமாம் செய்தாய் என்று சொல்லிவிட்டு வருவது அது. பிள்ளையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருக்கிறது. தான் பொய் சொன்னதால்தான் சாமி தண்டித்தது என்று அது நினைத்துக்கொள்ளும். கூடப் பிறந்த சின்னவன், சண்டையில் "நீ செத்துப் போ" என்று திட்டியது பலித்துவிட்டதாக நடுங்கிக் கிடப்பான். அவனைத் தனியே கூப்பிட்டு, "உன்னால வரல" என்று ஒருவராவது சொல்ல வேண்டும். ஒரு தாய் தானாகவே விதி என்று ஏற்று அதில் ஆறுதல் கண்டால் அவளோடு வாதிட வேண்டாம். அதை நாம் கொண்டுபோய் அவள் மடியில் போடக் கூடாது, அவ்வளவுதான்.

நம் ஊர்க் கதையையே பாருங்கள். திருமழிசையாழ்வாரின் சீடன் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் ஊரைவிட்டுத் துரத்தியபோது ஆழ்வாரும் கூடவே கிளம்பினார். அவர் சொல்ல, திருவெஃகாப் பெருமாள் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். மூவரும் ஓரிரவு தங்கிய இடம் ஓரிக்கை. "நீ என்ன தப்பு செய்தாய்" என்று பெருமாள் விசாரித்ததாகக் கதையில் இல்லை. கூட நடந்தார், கூடத் தங்கினார்.

நம்பிக்கை: "சாமியா, டாக்டரா, ஒண்ணை முடிவு பண்ணுங்க."

உண்மை: இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம். கார்த்திகை ஞாயிறுகளில் கச்சபேஸ்வரர் கோயிலில், மண்சட்டியில் மாவிளக்கேற்றித் தலையில் சுமந்து சுற்றி வருகிறார்கள். தலைநோய் தீரும் என்பது வேண்டுதல். கீமோ நடக்கும் பிள்ளைக்கு வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் அது போனால் கிருமித் தொற்று ஆபத்து. பிள்ளைக்காக அப்பா சுமக்கட்டும். பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம், காய்ச்சாத தீர்த்தம் வேண்டாம். மருத்துவமனைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மணிக்கட்டில் கட்டிய கயிற்றைக் கேட்காமல் அறுக்காதீர்கள். ஸ்கேனுக்காகத் தாயத்தைக் கழற்ற வேண்டுமென்றால் தாயிடம் சொல்லிக் கழற்றி, அவள் கையிலேயே கொடுங்கள்.

நம்பிக்கை: "நாங்க சாமி கும்புடறதில்ல, எங்களுக்கு இந்த ஆன்மிகத் துணை எதுக்கு?"

உண்மை: அண்ணா பிறந்த ஊர்ப்பக்கம் இப்படிப்பட்ட வீடுகளும் நிறைய. "ஏன் என் பிள்ளைக்கு?" என்ற கேள்வி அங்கேயும் எழும். அவர்களுக்குப் பூஜை வேண்டாம், பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். நொந்துபோன வீட்டில் மதம் பரப்ப நுழைவது, எந்த மதமானாலும், துணையாகாது.

நம்பிக்கை: "வலிக்கு மட்டும் மருந்து குடுக்குறாங்கன்னா கைவிட்டுட்டாங்கன்னு அர்த்தம்."

உண்மை: வலி தணிக்கும் பராமரிப்பு நோய் தெரிந்த நாளிலிருந்தே, சிகிச்சையோடு சேர்ந்தே நடக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடல், மனம், ஆன்மா மூன்றும் அதில் அடக்கம். 1982-ல் ஆக்ஸ்ஃபோர்டில் கடும் நோயில் கிடக்கும் பிள்ளைகளுக்கென்றே முதல் இல்லத்தைத் தொடங்கிய சகோதரி பிரான்சஸ் டொமினிக்கா ஒரு கன்னியாஸ்திரி. குடும்பமே அங்கு வந்து தங்கி இளைப்பாறிக்கொள்ள முடிந்தது. மார்ஃபின் என்றதும் பயப்படுகிறோம். மருத்துவர் அளந்து கொடுக்கும் மார்ஃபின் பிள்ளையைப் போதைக்கு அடிமையாக்காது, உயிரையும் பறிக்காது. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து உண்டு. 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தால் மார்ஃபின் கிடைக்காமல் திண்டாடிய நிலையை மாற்ற, 2014-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். வலியில் துடிக்கும் பிள்ளையிடம் எந்த ஆறுதல் பேச்சும் எடுபடாது. முதலில் வலி அடங்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி தணிப்புப் பராமரிப்பும் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "புள்ளைக்கு வலி தாங்கல, ஊட்டுக்கு வந்து பாருங்க" என்று கேளுங்கள். பெற்றவர்களுக்கு நேரமோ தெம்போ இல்லையென்றால், அவர்களிடம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்காரராகிய நீங்களே போய்க் கேட்கலாம்.